ஒலிக்காத இறுவட்டுகள்: யாழ்ப்பாணத்து அலுமாரிகளில் அழியும் குரல்கள்

யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் ஒரு றங்குப்பெட்டி இருக்கிறது. இல்லாவிட்டால் அலுமாரியின் மேல்தட்டு ஒன்று இருக்கிறது. அதற்குள் சொப்பிங் பையில் சுற்றி வைத்த கசற்றுகளும் இறுவட்டுகளும் இருக்கின்றன. ஒன்றில் “கலியாணம் 2003” என்று பேனையால் எழுதியிருக்கும். இன்னொன்றில் “அப்பா செத்தவீடு” என்று இருக்கும். சிலவற்றில் ஒன்றுமே எழுதப்பட்டிருக்காது. எழுதாமல் விட்டதற்கும் அன்றைக்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

அந்த இறுவட்டுகளில் என்ன இருக்கிறது என்று வீட்டில் உள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அதைப் போட்டுக் கேட்க வழியில்லை. கசற் றெக்கோடர் எப்போதோ பழுதாகிப் போனது. சிடி பிளேயரும் போய்விட்டது. மடிக்கணினிகள் இப்போது இறுவட்டு போடும் தட்டு இல்லாமலேயே வருகின்றன. கைத்தொலைபேசியில் உலகத்துப் பாட்டெல்லாம் கேட்கலாம். ஆனால் 2005இல் வன்னிக்குப் போன மகன் அதற்கு முதல் வருடம் தங்கச்சியின் பிறந்தநாளில் பாடிய பாட்டைக் கேட்க முடியாது.

இதே காலத்தில் உலகத்தின் இன்னொரு பக்கத்தில் இறுவட்டு இயக்கிகளுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2004க்குப் பிறகு முதற்தடவையாக 2021இல் இசை இறுவட்டுகளின் விற்பனை கூடியது. ஓடியோபைல்கள் என்று அழைக்கப்படும் ஒலிப்பிரியர்களுக்காக ஜப்பானின் எசோட்டெரிக், அக்குபேஸ், பிரித்தானியாவின் டிசிஎஸ் போன்ற நிறுவனங்கள் இன்றும் உயர்தரக் கருவிகளைச் செய்து விற்கின்றன. அவற்றில் மேல்தரத்தவை 10,000 அமெரிக்க டொலரைத் தாண்டும். ஒரு டொலர் சுமார் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அது 30 இலட்சம் ரூபாய். அதற்கு மேல் 18 வீத வற் வரியும் இறக்குமதித் தீர்வைகளும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய வீட்டுக்கு அத்திவாரம் போட்டுச் சுவர் எழுப்பக்கூடிய காசு அது.

இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வெறுமனே ஏழை பணக்காரன் கதை சொல்வதற்காக அல்ல. ஒரு வட்டத்தட்டில் இருக்கும் ஒலியை முழுமையாக எடுப்பதற்கு என்ன தேவை என்ற கேள்வியை உலகத்தில் மிகவும் தீவிரமாகக் கேட்டவர்கள் அந்த ஒலிப்பிரியர்கள்தான். அதே கேள்வியை இன்றைக்கு மிகவும் அவசரமாகக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள். ஆனால் எங்களுக்குரிய பதில் அவர்களுடைய பதில் அல்ல.

கசற்றிலிருந்து இறுவட்டுக்கு

1990 ஜூனில் போர் மறுபடியும் வெடித்ததோடு குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. அதன் பிறகு வந்த பொருளாதாரத் தடையில் எரிபொருள், உரம், சவர்க்காரம், மெழுகுதிரி என்று நீண்ட பட்டியலில் பற்றரியும் இருந்தது. ஒரு பற்றரிக்குத் தடை போட்டால் ஒரு சமூகத்தின் செவியைப் பொத்தலாம் என்று நினைத்திருக்கக்கூடும். சனங்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் றேடியோ கேட்டார்கள். கசற்றும் கேட்டார்கள். சுற்றுபவரின் கை களைத்தால் பாட்டும் களைத்து இழுபடும். முடிந்துபோன பற்றரிகளை வெயிலில் காயவைத்தும் உப்புத்தண்ணீர் விட்டும் இன்னும் கொஞ்ச நேரம் பேச வைத்தார்கள். அந்தத் தலைமுறைக்கு ஒலி என்பது உடலுழைப்பால் பெறப்பட்ட ஒரு பொருள்.

அந்த நாட்களில் கசற்தான் எங்களுடைய பத்திரிகை, கடிதம், அரங்கம் எல்லாம். றெக்கோடிங் பார்களில் சினிமாப்பாட்டுப் பதிந்தார்கள். கோவில் திருவிழாவில் நாதஸ்வரக் கச்சேரியைப் பதிந்தார்கள். கூத்தைப் பதிந்தார்கள். எழுத வாசிக்கக் கஷ்டப்பட்ட அம்மாக்கள் வெளிநாட்டிலிருந்த பிள்ளைகளுக்குக் கசற்றில் பேசி அனுப்பினார்கள். பிள்ளைகளும் அப்படியே பேசி அனுப்பினார்கள். போராட்டப் பாடல்களும் கசற்றிலேதான் வீடு வீடாகப் போயின.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் ஒரேயடியாக வெளியேறினார்கள். அப்போது கைக்கு அகப்பட்டதைத்தான் எடுத்துப் போனார்கள். திரும்பி வந்தபோது பலருடைய வீடுகளில் நிலைகளும் கதவுகளும்கூட இருக்கவில்லை. கசற்றுகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

இறுவட்டு எங்களிடம் பிந்தித்தான் வந்தது. சொனி நிறுவனம் உலகத்தின் முதலாவது இறுவட்டு இயக்கியை 1982 ஒக்டோபர் 1ஆம் திகதி ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. அதன் விலை 168,000 யென். குடாநாட்டின் சாதாரண வீடுகளுக்கு அது பரவலாக வந்து சேர இருபது வருடங்கள் எடுத்தன. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது. ஏ-9 வீதி திறந்தது. லொறிகளில் தொலைக்காட்சிகளும் சிடி பிளேயர்களும் கணினிகளும் வந்திறங்கின. கஸ்தூரியார் வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் இறுவட்டுக் கடைகள் முளைத்தன. படப்பிடிப்பு நிலையங்கள் கலியாணத்தையும் சாமத்தியவீட்டையும் செத்தவீட்டையும் இறுவட்டில் அடித்துக் கொடுத்தன. வருடக்கணக்காகக் கசற்றில் இருந்தவை இறுவட்டுக்கு மாற்றப்பட்டன. மாற்றியதும் பலர் கசற்றை எறிந்துவிட்டார்கள். இறுவட்டு அழியாது என்று எல்லோரும் நம்பினோம்.

2006 ஓகஸ்டில் ஏ-9 மறுபடியும் மூடப்பட்டது. ஆகவே எங்களுடைய இறுவட்டுக் காலம் என்பது பெரும்பாலும் அந்த நாலு வருடங்கள்தான். எங்களுடைய இளையவர்களில் கணிசமானோர் கடைசியாகச் சிரித்துப் பேசிய காலமும் அதுதான். அதற்குப் பிறகு குடாநாட்டில் ஆட்கள் காணாமல் போனார்கள். வன்னியில் 2009 மே வரைக்கும் என்ன நடந்தது என்று இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களுக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

அழிவது தட்டு மட்டுமல்ல

கடையில் விற்கும் இசை இறுவட்டும் வீட்டிலோ படப்பிடிப்பு நிலையத்திலோ எழுதப்பட்ட இறுவட்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். ஆனால் இரண்டும் வேறு. தொழிற்சாலையில் அச்சிட்ட தட்டில் ஒலி நுண்ணிய குழிகளாகப் பிளாஸ்ரிக்கிலேயே பதிக்கப்படுகிறது. கணினியில் எழுதும் தட்டில் அப்படிக் குழிகள் இல்லை. அதில் ஒரு சாயப் படலம் இருக்கிறது. லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டு அடையாளம் வைக்கிறது. வெளிச்சமும் வெப்பமும் ஈரப்பதனும் அந்தச் சாயத்தை மெல்ல மெல்ல மாற்றிவிடும். நல்ல சாயமும் தங்கப் படலமும் கொண்ட தட்டு, கவனமாக வைத்தால் நூறு வருடம்கூட இருக்கலாம் என்கிறார்கள். மலிவான தட்டு சில வருடங்களிலேயே வாசிக்க முடியாமல் போகலாம். நாங்கள் வாங்கியது எந்த வகை என்பது எல்லோருக்கும் தெரியும். ஐம்பது தட்டு ஒரு கம்பியில் கோர்த்து விற்ற வகை.

இன்னொரு விடயம் பலருக்குத் தெரியாது. இறுவட்டின் பளபளப்பான அடிப்பக்கத்தில் கீறல் விழக்கூடாது என்று நாங்கள் கவனமாக இருந்தோம். ஆனால் ஒலி இருப்பது அடியில் அல்ல. 1.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள தட்டில் ஒலிப்படலம் இருப்பது மேற்பக்கத்துக்கு மிக அருகில். பெயர் எழுதும் பக்கத்துக்கு உடனடிக் கீழே, மெல்லிய வார்னிஷ் பூச்சு ஒன்றுதான் அதற்குப் பாதுகாப்பு. போல்பொயின்ற் பேனையால் அழுத்தி எழுதினால் அந்தப் படலம் நசியும். ஸ்ரிக்கர் ஒட்டினால் பசை அதை உரிக்கும். “கலியாணம் 2003” என்று அன்போடு எழுதிய அந்த எழுத்துத்தான் சில தட்டுகளைக் கொன்றிருக்கிறது.

இரண்டாவதாக அழிவது கருவி. லேசர் கண்ணில் தூசி படிகிறது. றப்பர் பட்டிகள் களிபோல இளகிப் போகின்றன. ஒரு காலத்தில் ரவுணில் கசற் றெக்கோடர் திருத்திய கடைகள் இன்று கைத்தொலைபேசித் திரை மாற்றும் கடைகளாகிவிட்டன. இது எங்களுக்கு மட்டும் வந்த பிரச்சினை அல்ல. அவுஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இலேயே ஓர் எச்சரிக்கை விடுத்தது. காந்த நாடாக்களில் இருப்பவற்றை 2025க்குள் மாற்றிப் பாதுகாக்காவிட்டால் பெரும்பகுதி என்றென்றைக்கும் இழக்கப்படும் என்றது. நாடா அழிவதைவிட, அதை ஓட்டும் கருவிகளும் திருத்தத் தெரிந்தவர்களும் இல்லாமல் போவது அதற்கு முக்கிய காரணம். அந்தக் கெடு முடிந்துவிட்டது.

மூன்றாவதாக அழிவது அறிவு. அந்தக் கசற்றில் பேசுபவர் யார், எந்த ஊர், எந்தத் திருவிழா, பின்னால் கேட்கும் சிரிப்பு யாருடையது என்று சொல்லக்கூடியவர்கள் வயதாகிப் போகிறார்கள். குரல் இருந்தும் அது யாருடையது என்று சொல்ல ஆளில்லாமல் போனால் அது வெறும் சத்தம்.

விலை கூடிய கருவி மறைப்பது என்ன?

இப்போது அந்த 30 இலட்சம் ரூபாய்க் கருவிக்கு வருவோம். அதில் உண்மையில் என்ன இருக்கிறது?

இறுவட்டில் ஒலி ஒரு வினாடிக்கு 44,100 எண்களாக வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. லேசர் அந்த எண்களை வாசிக்கிறது. பிறகு ஒரு மின்சுற்று அவற்றை மறுபடியும் ஒலியாக்குகிறது. உயர்தரக் கருவிகள் இந்த இரண்டு வேலைகளையும் அதியுச்சக் கவனத்தோடு செய்கின்றன. எசோட்டெரிக் கருவிகளில் இறுவட்டு அளவேயான ஓர் உலோகத் தட்டு, இறுவட்டை முழுவதுமாக அழுத்திப் பிடித்துச் சுழற்றுகிறது. அதிர்வு இல்லை. மின்வழங்கலும் ஒலிமாற்றியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. அதனால் ஒலி எவ்வளவு கூடுகிறது என்பது ஒலிப்பிரியர்களுக்கு உள்ளேயே தீராத வாதம். அந்த வாதத்துக்குள் நாங்கள் போக வேண்டியதில்லை.

எங்களுக்கு முக்கியமானது வேறொன்று. தட்டில் ஓரிடம் பழுதாகி எண்கள் வாசிக்க முடியாமல் போனால் இறுவட்டு இயக்கி என்ன செய்கிறது? முதலில், தட்டிலேயே மேலதிகமாக எழுதப்பட்டிருக்கும் குறியீடுகளைக் கொண்டு இழந்த எண்களைக் கணித்து மீட்கிறது. சிறிய கீறல்கள் இப்படித்தான் கேட்காமல் போகின்றன. பழுது அதைவிடப் பெரிதாக இருந்தால், முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள எண்களைப் பார்த்து நடுவில் என்ன இருந்திருக்கலாம் என்று ஊகித்து நிரப்புகிறது. அதுவும் முடியாவிட்டால் அந்தக் கணத்தை மௌனமாக்கிவிடுகிறது. விலை கூடியதோ குறைந்ததோ, எல்லா இறுவட்டு இயக்கிகளும் பாட்டு நிற்காமல் ஓடவேண்டும் என்றே இதைச் செய்கின்றன. கேட்பவருக்கு இடையூறு இல்லாமல் பழுதை மறைப்பதே அவற்றின் வேலை.

பாட்டுக் கேட்பவருக்கு இது நல்லது. ஆவணம் தேடுபவருக்கு இது போதாது. அவருக்குத் தெரியவேண்டியது எது உண்மையில் தட்டில் இருந்தது, எது கருவி நிரப்பியது என்பதுதான். அதை ஒரு சாதாரணக் கணினியில் பூட்டும் மலிவான இறுவட்டுத் தட்டும் அதற்கென்றே எழுதப்பட்ட இலவச மென்பொருளும் சேர்ந்து செய்யும். அவை அவசரப்படுவதில்லை. வாசிக்க முடியாத இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், வேகத்தைக் குறைத்து, பத்துத் தடவை இருபது தடவை முயன்று பார்க்கும். கடைசியில் எந்த இடம் மீளவில்லை என்று ஒரு பட்டியலும் தரும். ஒரு தட்டு வாசிக்காததை இன்னொரு நிறுவனத்தின் தட்டு வாசித்துவிடுவதும் உண்டு.

ஆக, 30 இலட்சம் ரூபாய்க் கருவி இல்லாததால் எங்களுடைய குரல்கள் அழியவில்லை. சில ஆயிரம் ரூபாய்க் கருவியும் பொறுமையாக இருந்து வேலைசெய்ய ஓர் ஆளும் இல்லாததால்தான் அழிகின்றன. இதுதான் நாங்கள் வெட்கப்பட வேண்டிய இடம்.

யாருடைய குரல்கள்?

தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975இல் காலமானார். அப்போது அவருக்கு 42 வயதுகூட நிறைந்திருக்கவில்லை. தமிழ்நாட்டின் பெரும் நாதஸ்வர வித்துவான்கள் தேடி அழைத்த கை அது. அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருதைப் பெற்றது. ஆனால் அவர் எப்படி வாசித்தார் என்பதற்கு எங்களிடம் இருப்பது ஒலிப்பதிவுகள்தான். ஸ்பூல் நாடாவில் பதியப்பட்டு, கசற்றுக்கு மாறி, கசற்றிலிருந்து கசற்றுக்குப் பல தடவை பிரதியாகி, இறுவட்டுக்கு வந்து, கடைசியில் சுருக்கிய எம்பி3 கோப்பாகக் கைத்தொலைபேசியில் கேட்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக இழந்திருக்கிறோம். தவிலின் வலந்தலையில் விழும் விரல்களின் கூர்மை முதலில் போகும். முதற்பிரதிக்கு நெருக்கமான ஒரு நாடா எங்கேயோ ஒரு பரணில் இன்னும் இருக்கக்கூடும்.

இலங்கை வானொலியின் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா 1989இல் கொல்லப்பட்டார். அவருடைய குரலைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் இருக்கிறது. அன்றைய நிகழ்ச்சிகளைக் கசற்றில் பதிந்து வைத்த நேயர்கள் பலர். அந்தக் கசற்றுகள் அவரவர் வீடுகளில்தான் கிடக்கின்றன.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சில மணித்தியாலங்களில் எல்லாவற்றையும் விட்டுப்போனார்கள். யாழ்ப்பாணத்துச் சோனகதெருவில் நடந்த கலியாணங்களும் பாடப்பட்ட பாட்டுகளும் பதியப்பட்ட கசற்றுகள் அந்த வீடுகளிலும் இருந்திருக்கும். யாழ்ப்பாணத்தின் குரல்களைத் தேடுவதென்றால் புத்தளத்திலும் தேட வேண்டும்.

இவை தெரிந்தவர்களின் கதைகள். பெயர் தெரியாத குரல்கள்தான் அதிகம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் இன்னமும் தொடர்கிறது. கையில் ஒரு புகைப்படத்தோடு இருந்த பெற்றோர் பலர் பதில் இல்லாமலேயே இறந்துவிட்டார்கள். புகைப்படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியில் இருக்கலாம். குரலைப் பிடித்துக்கொண்டு இருக்க முடியாது. ஆனால் அந்தத் தாய்க்குக் கேட்கத் தோன்றுவது குரலாகத்தான் இருக்கும்.

2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி செம்மணியில், மனிதப் புதைகுழியிலிருந்து எடுக்கப்பட்ட பொருட்கள் உறவினர்கள் அடையாளம் காண்பதற்காகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. உடுப்புகள், பள்ளிக்கூடப் பை, விளையாட்டுப் பொம்மை, பால்போத்தல். சின்னச் சின்னப் பொருட்கள்தான் மனிதர்களைத் திரும்பவும் மனிதர்களாக்குகின்றன என்பதை அன்றைக்கு எல்லோரும் கண்டோம். ஒரு பிள்ளையிடம் இன்ன நிறத்தில் ஒரு சட்டை இருந்தது என்று ஒரு பழைய பிறந்தநாள் வீடியோ இறுவட்டு சொல்லக்கூடும். அந்த நாட்களில் வீடியோவுக்குப் பயன்பட்ட விசிடி வகை இறுவட்டுகளில் பழுது திருத்தும் மேலதிகக் குறியீடுகள் சாதாரண தரவு இறுவட்டைவிடக் குறைவு. அதாவது எங்களுக்கு அதிகம் தேவைப்படும் தட்டுகளே முதலில் அழியக்கூடியவை.

பயம் எழுதாமல் விட்ட பெயர்

இனி, பெயர் எழுதப்படாத அந்த இறுவட்டுகளுக்கு வருவோம்.

போரின் கடைசிக் காலத்திலும் அதற்குப் பிறகும் எங்களுடைய மக்கள் தங்கள் கையாலேயே தங்கள் நினைவுகளை அழித்தார்கள். ஓமந்தையில் சோதனை, முகாமில் சோதனை, வீட்டில் சோதனை. மகனுடைய படத்தை எரித்தவர்கள் இருக்கிறார்கள். இறுவட்டுகளை உடைத்துக் கிணற்றில் போட்டவர்கள் இருக்கிறார்கள். பொலித்தீனில் சுற்றிப் புதைத்தவர்களும் இருக்கிறார்கள். 1981இல் யாழ் நூலகத்தை எரித்தவர்கள் சுமார் 97,000 நூல்களை எரித்தார்கள். 2009க்குப் பிறகு பயம் எங்கள் வீடுகளுக்குள் செய்த அழிவுக்குக் கணக்கே இல்லை. ஏனென்றால் அதை நாங்களே இரகசியமாகச் செய்தோம்.

அந்தப் பயத்துக்கு இன்றும் ஒரு சட்ட முகவரி இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம், மாற்றுவோம் என்று ஆட்சிக்கு வருபவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் 2024 நவம்பரில் மாவீரர் நாள் காலத்திலும் முகநூல் பதிவுகளுக்காகச் சிலர் கைது செய்யப்பட்டார்கள். ஒரு பாட்டைப் பகிர்வது குற்றமாகலாம் என்றிருக்கும் நாட்டில், தன்னுடைய பெட்டியில் இருக்கும் பெயரில்லாத இறுவட்டை யார் ஒரு நூலகத்துக்குக் கொண்டுபோவார்? அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. தெரியாததால்தான் பயம். பயத்தால்தான் அது பெட்டியிலேயே இருந்து சாயம் கெட்டு அழிகிறது.

ஆகவே ஒலிப்பாதுகாப்பு என்பது வெறும் தொழில்நுட்பப் பிரச்சினை அல்ல. தனிப்பட்ட நினைவுப் பதிவுகளையும் ஆவணக் காப்பகங்களையும் எந்தப் புதிய சட்டமும் குற்றமாக்கக்கூடாது என்று தெளிவாகக் கேட்க வேண்டும். சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வரும் ஒவ்வொரு தடவையும் கைது, தடுப்புக்காவல் பற்றிப் பேசும் எங்களுடைய பிரதிநிதிகள் இதையும் பேச வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலில் வீட்டில் செய்யக்கூடியவை. இறுவட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல் பெட்டியில் நிறுத்தி வையுங்கள். வெயில் படும் இடமும் தகரக் கூரைக்குக் கீழுள்ள பரணும் வேண்டாம். துடைப்பதென்றால் மென்மையான துணியால் நடுவிலிருந்து வெளிவிளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக்கூடாது. ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரை உரிக்க வேண்டாம். உரித்தால் ஒலிப்படலமும் சேர்ந்து வரும். பெயரை இறுவட்டில் அல்ல, உறையில் எழுதுங்கள். பூஞ்சணம் பிடித்த கசற்றை உடனே ஓட விட வேண்டாம். அது நாடாவையும் கெடுக்கும், கருவியையும் கெடுக்கும்.

கணினிக்கு மாற்றும்போது எம்பி3 ஆகச் சுருக்க வேண்டாம். வேவ் அல்லது பிளக் கோப்பாக முழுமையாக எடுங்கள். மூன்று பிரதிகள் வையுங்கள். அதில் ஒன்று இன்னொரு வீட்டில், முடிந்தால் இன்னொரு நாட்டில் இருக்கட்டும். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்தால் என்ன நடக்கும் என்பதை 1981 எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறது. மாற்றிய பிறகும் பழையதை எறிய வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியம், வீட்டில் உள்ள மூத்தவரைப் பக்கத்தில் இருத்திக் கேட்க வையுங்கள். அவர் சொல்லும் பெயர்களையும் ஊர்களையும் எழுதி வையுங்கள்.

ஆனால் எல்லா வீட்டாலும் இது முடியாது. ஒரு பொது இடம் வேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் அரச உதவியை எதிர்பாராமல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்திக் காட்டியிருக்கிறது. அதன் ஆவணகம் தளத்தில் ஒலி, ஒளிப் பதிவுகளும் சேர்கின்றன. தன்னார்வலர்களால் எவ்வளவு முடியும் என்பதற்கு அது சாட்சி. அதே நேரம் எல்லாச் சுமையையும் அவர்கள் தலையிலேயே ஏற்றிவிட்டு மற்றவர்கள் சும்மா இருக்க முடியாது. யாழ் பொது நூலகத்திலும் பல்கலைக்கழக நூலகத்திலும் ஒவ்வோர் ஒலிமாற்று அறை அமைப்பது பெரிய காரியம் அல்ல. சனங்கள் தங்கள் தட்டைக் கொண்டுவந்து, தாங்களே பக்கத்தில் இருந்து மாற்றி, பிரதியை வாங்கிக்கொண்டு, விரும்பினால் மட்டும் ஒரு பிரதியை விட்டுச் செல்லக்கூடிய ஓர் அறை. ‘விரும்பினால் மட்டும்’ என்பது முக்கியம். நம்பிக்கை இல்லாமல் ஒருவரும் பெட்டியைத் திறக்க மாட்டார்கள்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் உள்ள வீடுகளில், அம்மா பேசி அனுப்பிய கசற்றுகள் இருக்கின்றன. இங்கே அழிந்துபோன குரல்களின் மறுபாதி அங்கேதான் இருக்கிறது. அது முதலாவது. இரண்டாவது, கணக்கு. ஓர் உயர்தர இறுவட்டு இயக்கியின் விலையான அந்த 30 இலட்சம் ரூபாயை எடுத்துக்கொள்வோம். மாதம் ஓர் இலட்சம் ரூபாய் சம்பளத்தில் இரண்டு இளையவர்களுக்கு ஒரு வருடத்துக்கு 24 இலட்சம். மிச்சம் ஆறு இலட்சத்தில் கணினிகள், சில வகை இறுவட்டுத் தட்டுகள், திருத்திய பழைய கசற் டெக்குகள், சேமிப்பு வட்டுகள் வாங்கலாம். அந்த இருவரும் ஒரு வருடம் முழுக்க வேறு வேலை செய்யாமல் இதையே செய்தால் எத்தனை குரல்கள் மீளும்? கோவில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுவதற்கு எங்களுடைய ஊர்ச்சங்கங்கள் செலவழிப்பதில் ஒரு பங்கு போதும். சத்தத்துக்குச் செலவழிக்கப் பஞ்சப்படாத சமூகம் நாங்கள்.

விலை உயர்ந்த கருவியை விரும்புபவர்களைக் குறைசொல்ல வேண்டியதில்லை. ஓர் இசையை அதன் கடைசி நுணுக்கம் வரைக்கும் கேட்கவேண்டும் என்ற ஆசை மரியாதைக்குரியது. தெட்சணாமூர்த்தியின் தவிலை அப்படி ஒரு கருவியில் கேட்டவர்கள் எங்களிலும் இருக்கக்கூடும். ஆனால் அந்தக் கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தட்டில் எஞ்சியிருப்பதைத்தான் அது வாசிக்கும்.

போரிலிருந்து தப்பிய தட்டுகள் அவை. இடப்பெயர்விலும் சோதனைச் சாவடியிலும் தப்பியவை. இப்போது அலுமாரியில் ஈரப்பதனுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. இந்த மாரி தொடங்க முதல் ஒருதடவை அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.